நோயாளியே ஆசான்

பிறப்பைப் பற்றி மகிழ்ந்து பேசும் மனிதன், இறப்பைப் பற்றிப் பேசுமிடத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். நோய் தீர்ப்பதற்கென்றே எழுந்த மருத்துவமனையில் இத்தயக்கம் இன்னும் மிகுதி. தீரா நோயுற்றவரிடம் என்ன சொல்வது, யார் சொல்வது என்னும் வினா எழுங்கால், மருத்துவர் தாதியரை நோக்குகிறார். தாதியர் உறவினரை நோக்குகின்றனர். நோயாளியை நோக்குவார் அரியர். இந்நிலையை நேர்நின்று ஆராய்ந்த நூல், மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆன் டெத் அண்ட் டையிங்’ என்பதாகும். ‘இறப்பும் இறத்தலும் குறித்து’ என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம்.

நூல் பிறந்த கதையே அதன் கருத்தை விளக்கப் போதுமானது. 1965ஆம் ஆண்டில் சிக்காகோவில் இறையியல் மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றிய ஆய்வொன்றுக்காக அவரை அணுகினர். இறப்பே தலையாய நெருக்கடி எனக் கொண்ட அவர்கள், இறக்கும் நிலையிலுள்ளோரிடமே அதனைக் கேட்டறிய விழைந்தனர். ஆயின், பெரியதொரு மருத்துவமனையில் நோயாளர் கூடந்தோறும் சென்று வினவியும், அத்தகைய நோயாளியைக் காட்ட எவரும் முன்வரவில்லை. நோயாளி மிகத் தளர்ந்திருக்கிறார், பேச விரும்பமாட்டார் என்பன போன்ற மறுமொழிகளே கிடைத்தன. இருபது வயது இளைஞனிடம், அவனுக்கு இரண்டு வாரமே வாழ்வு உண்டு எனக் கூறுவதில் மகிழ்ச்சி அடைகின்றீரா என ஒரு தாதி வினவிவிட்டு, விடையைக் கேளாமலே அகன்றதாக நூல் குறிப்பிடுகிறது.

அத்தாதியின் சினத்தில் இரக்கம் உண்டு, பிழையும் உண்டு. இத்தகைய உரையாடல் என்றாலே துயரச் செய்தியைச் ‘சொல்லுதல்’ என அவர் கருதிவிட்டார். கூப்ளர்-ராஸ் நாடியதோ ‘கேட்டல்’. மருத்துவமனை ஊழியரின் தயக்கம் அனைத்திற்கும் வேர் இம்மயக்கமே என்பது நூலின் அடிப்படைக் கருத்து எனலாம். சொல்லுதல் ஒன்றே கடமை என எண்ணுபவர், சொல்லத் தக்க சொல் கிடைக்காதபோது அறையினுள் நுழையவே அஞ்சுவர். கேட்டலே கடமை எனக் கொண்டவர்க்கோ ஒரு நாற்காலியும் சிறிது நேரமும் போதும்.

இவ்வுண்மையை நூலாசிரியர் தம் தவற்றின் வாயிலாகவே கற்றார். முதலில் கிடைத்த முதியவர் அப்போதே அமர்ந்து பேசுமாறு அவரை வேண்டினார். மறுநாள் மாணவருடன் வருவதாகக் கூறி அவர் சென்றுவிட்டார். மறுநாள் முதியவரால் பேச இயலவில்லை. சிறிது நேரத்தில் உயிரும் பிரிந்தது. நோயாளிக்கு உகந்த நேரமும் தமக்கு வசதியான நேரமும் வேறு என்பதை ஒளிக்காது எழுதியதே இந்நூலின் நேர்மைக்குச் சான்று.

உலகெங்கும் இந்நூல் புகழ்பெற்றது அது கூறிய ஐந்து நிலைகளால் ஆகும். மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என்பன அவை. குறையும் இங்கேதான் தோன்றுகிறது. நிலைகள் ஒன்றையொன்று தொடர்வதோடு, ஒருங்கே நிலவுதலும் உண்டென நூலாசிரியர் கூறியுள்ளார். நம்பிக்கை இறுதிவரை உடன்வரும் என்பதனையும் வலியுறுத்தியுள்ளார். எனினும் நிலைக்கோர் இயலென நூலை வகுத்தமையால், படிப்போர் அதனை ஏணியாகக் கொண்டனர். நோயாளி சினந்தால் ‘இது இரண்டாம் நிலை’ எனக் குறித்துக்கொண்டு, சினத்தின் காரணத்தைக் கேளாது செல்லவும் இவ்வகுப்பு இடந்தந்தது. கேட்கக் கற்பிக்க எழுந்த நூல், கேளாதிருக்கவும் ஒரு கருவியானது வருந்தத்தக்கது. இயல்களின் முகப்பில் தாகூரின் வரிகளை வைத்த ஆசிரியர், விதிநூல் எழுத விரும்பியிருக்கமாட்டார்.

மருத்துவமனைகள் அறியத் தயங்கிய இதனை இலக்கியம் முன்னரே அறிந்திருந்தது. தால்ஸ்தாய் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்னும் குறுநாவலில், நோயுற்ற நீதிபதியைச் சூழ்ந்த மருத்துவர்கள் சிறுநீரகமா, குடல்வாலா என வழக்காடுகின்றனர். பிழைப்பாரா என்னும் அவருடைய வினாவோ விடையின்றி நிற்கிறது. நோயினும் அவரை வருத்துவது, அவர் இறக்கவில்லை என எல்லாரும் சேர்ந்து நடிக்கும் பொய்யே. அப்பொய்யில் பங்குகொள்ளாதவன் கெராசிம் என்னும் பணியாளன் ஒருவனே. வலி தணிய அவருடைய கால்களைத் தன் தோள்மீது தாங்கியவாறு அவன் இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான். படித்தவர்க்கு இயலாதது அவனுக்கு இயன்றது, அவன் அஞ்சி விலகாமையால் ஆகும்.

தால்ஸ்தாய் நோயைக் காட்டினார். கூப்ளர்-ராஸ் மருந்தைத் தேடினார். நோயாளியை ஆசானாகவும், மருத்துவரையும் தாதியரையும் மாணாக்கராகவும் அமர்த்தியதே அவர் கண்ட மருந்து. ஐந்து நிலைகளை மறந்தாலும் குறையில்லை. இந்த இருக்கை மாற்றத்தை மறத்தலாகாது. பாடக் குறிப்பை முடிக்கும் விரைவில் மாணவனின் வினாவைக் கேளாது செல்லும் ஆசிரியர்க்கும் இந்நூலில் பாடமுண்டு. வகுப்பறையில் தவறிய வினாவை மறுநாள் கேட்கலாம். அம்முதியவர்க்கு மறுநாள் இல்லை.