விபத்து ஓய்ந்த பிறகு: அரியலூர், பெரம்பலூர் வழியே பேரிடர் உளவியல்

1956 நவம்பர் 23. விடியாத இருட்டு, விடாத மழை. சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் தடம் புரண்டு வெள்ளத்தில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே பதவி விலக முன்வந்து நேருவால் தடுக்கப்பட்ட ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இந்த முறை விலகியே விட்டார். பொறுப்பேற்பதற்கு உதாரணம் தேடும் மேடைகளில் இன்றைக்கும் அரியலூர் பெயர் அடிபடுகிறது.

அந்தப் பெட்டிகளிலிருந்து உயிரோடு கரையேறியவர்கள் அதன்பின் எப்படித் தூங்கினார்கள், மறுபடி ரயில் ஏறினார்களா, பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எத்தனை ஆண்டு தீபாவளி கொண்டாடவில்லை என்பதையெல்லாம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. கேட்கத் தோன்றாத காலம் அது. கேட்பதற்கென ஒரு துறை நம் நாட்டில் உருவாகவும் இல்லை. அத்துறை பிறகு எப்படி வளர்ந்தது, எதைக் கண்டது, எதை இன்னும் காணாமல் இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பேரிடர் மனத்தில் ஏற்படுத்தும் சேதத்தில் பெரும்பங்கு அதன் பிறகு வரும் நாட்களில்தான் விளைகிறது. ஆகவே அதில் பெரும்பங்கைத் தடுக்கவும் முடியும் என்று ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது படுகிறது.

தீயிலிருந்து தொடங்கிய ஆய்வு

1942இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தனர். பிழைத்தவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் சந்தித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், 1944இல் கடுந்துக்கத்தின் குறிகளை வகைப்படுத்தி எழுதினார். தொண்டை அடைப்பது, இறந்தவரின் உருவம் கண்ணை விட்டு அகலாதது, 'நான் மட்டும் ஏன் பிழைத்தேன்' என்ற குற்றவுணர்வு, ஆறுதல் சொல்ல வருபவர் மீதே எரிந்து விழுவது ஆகியவை அவர் கண்டவை. இன்றைக்கு விபத்து நடந்த எந்த வீட்டுக்குப் போனாலும் இவற்றைப் பார்க்கலாம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரோடு ஏறியது 1980இல்தான்.

இந்தியாவிலும் தீதான் தொடக்கம். 1981இல் பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து ஏராளமான குழந்தைகள் மாண்டபோது, பறிகொடுத்த குடும்பங்களை அந்நகரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் சந்தித்து ஆய்ந்தார்கள். 1984 போபால் விஷவாயு இந்தத் துறையை வளர்த்தது. அங்கே உடல்நோய்க்காகச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனநலப் பாதிப்பு இருப்பது தெரிந்தது. அத்தனை பேருக்கும் மனநல மருத்துவரை அனுப்ப நாட்டில் ஆள் ஏது? பொது மருத்துவர்களுக்கே அடிப்படைப் பயிற்சி கொடுத்தார்கள். லாத்தூர், ஒடிசா, குஜராத் என்று அடுத்தடுத்த பேரிடர்களில் இந்த முறை ஊர்மட்டத் தொண்டர்கள் வரை இறங்கியது.

கடல் சொன்னது

தமிழகத்தில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிய 2004ஆம் ஆண்டே, டிசம்பரில் சுனாமியும் வந்தது. அதன் பிறகு கடற்கரையில் நடந்த ஆய்வுகள் பல. ஒரு மீனவ ஊரில் பெரியவர்களிடையே நடந்த கணக்கெடுப்பில் 12.7 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக் கோளாறு இருந்தது. பெண்களிடமும் காயம்பட்டவர்களிடமும் அது கூடுதல். வீட்டு வருமானம் நின்றுபோனவர்களிடமும் கூடுதல். அலையை எல்லாரும்தான் பார்த்தார்கள். அடுப்பு எரியாத வீட்டில் அலை ஓயவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜ்குமார், பிரேம்குமார், தாரியன் மூவரும் நாகப்பட்டினம் பகுதி ஊர்களில் மக்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. தங்களைத் தேற்றியவை குடும்பமும் ஊர்க்கட்டும் சாமியும்தான் என்று மக்கள் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த ஆலோசனைச் சேவைகளை அவர்கள் அதற்கு அடுத்தபடியாகவே வைத்தார்கள்.

யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய மக்களிடையே பணியாற்றியவர். தனிமனிதரை மட்டும் நோயாளியாகப் பார்ப்பது நம் சமூகங்களுக்குப் போதாது, ஊரும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்து உடைவதே கூட்டு மனவடு என்பது அவர் வாதம். காணாமல் போனவரின் வீட்டுத் துயரத்தைத் 'தெளிவற்ற இழப்பு' என்று அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் வகுத்ததும் இங்கே பொருந்தும். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, திதி கொடுப்பதா காத்திருப்பதா என்று தெரியாமல் நிற்கும் துக்கம் அது.

வேப்பிலையும் தகரமும்

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் கடல் இல்லை. அந்த மாவட்டங்கள் மறுபடி தலைப்புச் செய்திக்கு வந்தது 2020 மே மாதத்தில். சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் காய்கறிக் கடைகளில் நின்றவர்களும் லாரி ஏறி ஊர் திரும்பினார்கள். அவர்களோடு கொரோனாவும் இறங்கியது. சில நாட்களிலேயே இரு மாவட்டங்களிலும் எண்ணிக்கை எகிறியது. சந்தை மே 5இல் மூடப்பட்டது.

நோயைவிட வேகமாகப் பரவியது பெயர். மாதாமாதம் பணம் அனுப்பிக் குடும்பத்தைத் தாங்கியவன் ஒரே வாரத்தில் 'கோயம்பேட்டுக்காரன்' ஆனான். பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ தனிமைப்படுத்தலில் கிடந்தவனைக் காய்ச்சலைவிட, பெற்றவளுக்கு ஒட்ட வைத்துவிட்டோமோ என்ற எண்ணம் அதிகம் வாட்டியது. இத்தகைய வாட்டம் நோயோடு போய்விடுவதில்லை: ஹாங்காங்கில் சார்ஸ் தொற்றிலிருந்து மீண்டவர்களை 30 மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் நான்கில் ஒருவருக்குப் பேரதிர்ச்சிக் கோளாறு இருந்தது.

தொற்றுநோயை நம் ஊர்கள் அறியாதவை அல்ல. அம்மை போட்ட வீட்டில் நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள். அன்னியர் நுழையமாட்டார்கள், தாளிக்கும் வாசனைகூடக் கூடாது. இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அத்தோடு விலக்கு முடிந்தது, பிள்ளை தெருவுக்கு வந்துவிடும். பெரம்பலூர்க்காரர்கள் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு நேர்ந்துகொண்டு கடனைத் தீர்ப்பார்கள். அந்தக் காலத்திலும் அச்சம் இருந்தது, சாவும் இருந்தது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். ஆனாலும் நோயாளியிடம் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்பதில் அவமானம் இல்லை, விலக்குக்கு ஒரு முடிவுநாளும் இருந்தது. கொரோனாவில் வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். பதினான்கு நாள் கழித்துத் தகரம் போயிற்று, பேச்சு போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்ற யாருமில்லை.

சாவு வீடு அதைவிட மோசம். நம் பக்கம் துக்கத்துக்கு ஒரு நிரல் உண்டு: நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம், பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி. பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து வைக்கும் ஒப்பாரியில் இறந்தவரோடு சண்டையே நடக்கும். விட்டுப்போன கடனும் கொடுக்காத புடவையும் அதில் வந்துவிடும். லிண்டமன் கண்ட கோபத்துக்கும் குற்றவுணர்வுக்கும் ஊரார் முன்னிலையில் இடம் கொடுக்கும் ஏற்பாடு அது. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, ஊழியர் பையின் முகப்பக்க ஜிப்பைத் திறந்து உறவினருக்குக் கடைசியாக ஒருமுறை முகம் காட்டலாம் என்று இருந்தது. உடலைத் தொடாத சடங்குகளுக்கும் அனுமதி இருந்தது. நடைமுறையில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த முகம் கிடைக்கவில்லை. 'உள்ளே இருந்தது அவர்தானா' என்ற சந்தேகத்தை எந்த மாத்திரையும் தீர்க்காது. நீடித்த துக்கக் கோளாறு என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முகம் காட்டியிருந்தால் அந்தப் பட்டியலுக்குள் போகாமல் தப்பியிருக்கக் கூடியவர்கள் எத்தனை பேரோ.

சின்ன விபத்துகளின் கணக்கு

2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நாட்டுவெடி ஆலை வெடித்தது. தினக்கூலிக்குப் போனவர்கள் கருகி மாண்டார்கள். இப்படிப்பட்ட விபத்துகள் இரண்டு நாள் செய்தி. நிவாரணத் தொகை அறிவிப்போடு அரசின் வேலை முடிகிறது, ஆய்வாளர்களும் வருவதில்லை. நம் ஆய்வுகள் பூகம்பம், சுனாமி, பெருந்தொற்று என்று பெரிய எண்ணிக்கையையே தேடிப் போகின்றன. சம்பாதித்த ஒருத்தியை இழந்த வீட்டுக்கு விபத்து சின்னதா என்ன?

அவசரத்தில் செய்யக்கூடாததும் உண்டு. நடந்ததையெல்லாம் உடனே ஒரே அமர்வில் கொட்ட வைத்தால் மனம் லேசாகும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்து பார்த்த ஆய்வில், 13 மாதங்கள் கழித்து, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் பேசவைக்கப்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் பேரதிர்ச்சிக் கோளாறு இருந்தது. பேசவைக்கப்பட்டவர்களின் காயம் சற்று அதிகம் என்பதைக் கணக்கில் கொண்டாலும், பயன் ஏதும் தெரியவில்லை. ஆகவே 2011இல் உலக சுகாதார நிறுவனம் தந்த உளவியல் முதலுதவிக் கையேடு பேச வற்புறுத்துவதில்லை. பார்க்கச் சொல்கிறது, சொன்னால் கேட்கச் சொல்கிறது, தேவையான உதவியோடு இணைத்துவிடச் சொல்கிறது.

யார் போய்க் கேட்பது?

14416 என்ற எண்ணில் தொலைபேசி ஆலோசனை 2022 முதல் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஆனால் துக்கம் தானாக எழுந்து மருத்துவமனைக்குப் போவதில்லை. போனாலும் தலைப் பாரம், கை கால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு என்றுதான் சீட்டு வாங்கும். ஆண்களிடம் அது சாராயக்கடை வரிசையில் நிற்கும். முதல் பதினாறு நாளைக்கு ஊரே வீட்டில் இருக்கும். கூட்டம் கலைந்து, கடன்காரன் வரத் தொடங்கும் மூன்றாவது மாதத்திலும், முதல் திதியிலும்தான் ஆள் தேவை. நாள்கூட மனத்தைக் கிளறும் என்கிறது உளவியல். அரியலூர் மாவட்டம் மறுபடி உதயமான 2007 நவம்பர் 23, ரயில் விழுந்த அதே தேதி. அதைத் தேர்ந்தவர்களுக்கு அது நினைவில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

புதிய கட்டடம் எதுவும் இதற்கு வேண்டாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். விபத்தில் சாவு விழுந்த வீடுகளின் பட்டியலை வருவாய்த் துறை அவர்களிடம் கொடுத்துவிட்டால் போதும். 'ராத்திரி தூக்கம் வருதாக்கா? நிவாரணப் பணம் கைக்கு வந்துச்சா? பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, முதல் கேள்வியின் பதிலை மருத்துவரிடமும் மற்ற இரண்டையும் வட்டாட்சியரிடமும் சேர்க்கட்டும். இரண்டாவது கேள்விக்கு 'வந்துருச்சு' என்று பதில் கிடைக்கும் வீடுகளில் முதல் கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான், மீனவ ஊரின் அந்தக் கணக்கெடுப்பு நமக்குக் கோடிகாட்டுகிறது.