கோலார் தங்கவயலும் கௌபாய் படமும்

கௌபாய் படம் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு ஜெய்சங்கர்தான் நினைவுக்கு வருவார். கர்ணன் இயக்கி 1972இல் வெளிவந்த 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களில் குதிரையும் துப்பாக்கியும் தமிழ் பேசின. 1975இல் வந்த 'ஷோலே'க்குக் கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளே களமாயின. அமெரிக்க மேற்கில் பிறந்த இவ்வகைப் படத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. சட்டம் எட்டாத வறண்ட நிலம், அதில் பொன், அதை ஆளும் கொடியவன், வெளியிலிருந்து வந்து சேரும் வீரன். அந்த மண்ணில் முன்பே வாழ்கிறவர்கள் பின்னால் கூட்டமாக நிற்பார்கள். அவர்களுக்குப் பேச்சு இருக்காது.

2018 டிசம்பரில் வெளிவந்த பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்.' இந்த இலக்கணத்தை அப்படியே பின்பற்றியது. 1951இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. நாராச்சி என்னும் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகின்றனர். ராக்கி வந்து மீட்கிறான். "படம்னா அப்படித்தான் இருக்கும், இதில் வரலாறு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் படத்துக்கு வைத்த பெயர் ஓர் உண்மையான ஊரின் பெயர். இன்று வெளியூரில் நம் பிள்ளைகள் சொந்த ஊரின் பெயரைச் சொன்னால், எதிரே இருப்பவர் ராக்கியைத்தான் விசாரிக்கிறார்.

உண்மை என்ன? லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வடஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம் மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், குடும்பத்தோடு வந்து லைன் வீடுகளில் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் வேரூன்றியது. 1930இல், தொழிற்சங்கமே இல்லாத காலத்தில், கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ராக்கி யாரும் வரவில்லை, அவர்களே நின்றார்கள். நாராச்சியில் இல்லாதது இதுதான்.

படம் உருவான விதமும் யோசிக்க வைக்கிறது. முதல் பாகத்துக்குப் பாலைவனம் போன்ற காட்சியைத் தந்தது நமது சயனைடு மலை. பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுதான் அது. காற்றடித்தால் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வரும். சினிமாவுக்கு வெற்று நிலம், ஊருக்கு நெஞ்சுச் சளி. இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு அந்த மேட்டுக்குக் கேடு செய்வதாக வழக்குப் போட்டு, 2019 ஆகஸ்டில் உள்ளூர் நீதிமன்றத்தில் தடை பெற்றனர். அதையும் தாண்டி 2022 ஏப்ரலில் படம் வெளிவந்தது.

பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' மறுமொழியாக வந்தது என்றே சொல்லலாம். ஜனவரியில் வருவதாக அறிவித்துத் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 15இல் வெளியானது. இங்கே வெள்ளைக்காரத் துரை இருக்கிறார், பொன் இருக்கிறது, நெடும்பயணமும் இருக்கிறது. ஆனால் பேசுகிறவன் விக்ரம் நடித்த தங்கலான்; நிலத்தை இழந்தவன். பின்னால் நின்ற கூட்டம் முன்னால் வந்துவிட்டது. தலை துண்டிக்கப்பட்ட புத்தர் சிலை மாரிகுப்பத்தை நினைவூட்டுகிறது. குறையும் உண்டு. மாயமும் கனவும் மிகுந்து கதை பல இடங்களில் குழம்புகிறது. கதை 1850ஐ ஒட்டி நிகழ்வதால், சுரங்கத்துக்குள் இறங்கிய தலைமுறைகளைத் தொடாமலே முடிகிறது.

அந்தக் கதை இன்னும் மிச்சம் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட சுரங்கம், அதன்பின் விடியுமுன் பெங்களூர் ரயிலேறிப் பிழைக்கப் போகும் பிள்ளைகள். இதற்குக் குதிரையும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். சிறு காமிரா, சிறு பணம், ஊரின் பேச்சு தெரிந்த சில இளைஞர்கள் போதும். நம் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் நாடகச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், ஊரின் பெயரை ஊராரே சொன்ன படம் ஒன்றாவது நமக்குக் கிடைக்கும்.