அளவுகோலையும் அளந்த ஆய்வு

வளர்ச்சி உளவியலில் முதுகலை ஆய்வேடு எழுதப்போகும் திருவண்ணாமலை மாணவருக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. 1989 வரை இவ்வூரும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். அந்த வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கிய நெடுக்காய்வு, எட்டு நாடுகளில் நடந்த ‘மால்-எட்’ குழந்தை வளர்ச்சி ஆய்வுத் திட்டத்தின் இந்தியக் கிளை.

நகரக் குடிசைப்பகுதிகளில் பிறந்த 251 குழந்தைகளைச் சேர்த்து, ஐந்து வயதிலும் 212 பேரை ஆய்வில் தக்கவைத்திருந்தார்கள். இடம்பெயர்வு மிகுந்த பகுதியில் இது பெரும் சாதனை. இரண்டு வயதில் உயரக்குறைவு, ஐந்தில் அறிவுத்திறன் எனக் காலவரிசை தெளிவாக நிற்கிறது. ஆனால் முந்தியது எல்லாம் காரணம் ஆகிவிடாது. வறுமையும் தாயின் கல்வியும் இரண்டையுமே பாதிக்கும். புள்ளியியல் திருத்தம், அளந்த மாறிகளுக்கு மட்டுமே காப்பு.

எனக்கு இதில் மிக உயர்ந்ததாகப் படுவது வேறு. குழந்தை வளர்ச்சியை அளக்க அமெரிக்காவில் உருவான பெய்லி அளவுகோலைப் பயன்படுத்தியவர்கள், அது வெவ்வேறு நாட்டுக் குழந்தைகளிடமும் ஒரே பண்பைத்தான் அளக்கிறதா என்று சோதித்தார்கள். முழு அளவுகோல் அப்படியே பொருந்தவில்லை என்ற முடிவை 2018இல் வெளியிட்டார்கள். தன் கருவியின் குறையைத் தானே அறிவிக்கும் நேர்மை இத்துறையில் அரிது.

குறையும் உண்டு: மாதிரி நகரக் குடிசைப்பகுதியோடு நின்றுவிட்டது. இதே வட்டாரத்து ஜவ்வாதுமலைக் கிராமக் குழந்தையைப் பற்றி இந்த ஆய்விலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதன் அருகே நம் ஆய்வேடுகள் பலவற்றை வைத்தால் இடைவெளி வலிக்கிறது. எளிதில் கிடைத்த பல வயது மாணவர்களிடம் ஒரே முறை வினாநிரல் கொடுத்து, ஒட்டுறவுக் கெழு கண்டு, அதை ‘வளர்ச்சி’ என்கிறோம். அது வளர்ச்சி அல்ல. வயதுக்கு வயது வேறுபாடு. பிறந்த ஆண்டின் தாக்கமும் அதில் கலந்திருக்கும். வயதின் தாக்கத்தையும் இதையும் உளவியலாளர் ஷாய் 1965லேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

இரண்டாண்டுப் படிப்பில் நெடுக்காய்வு முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஒரு மாணவர் முடிக்க வேண்டியதில்லை. ஒரு வட்டார அங்கன்வாடிக் குழந்தைகளை, பெற்றோர் இசைவோடு, ஒவ்வோர் ஆண்டும் புதிய அணி அதே கருவியால் அளக்கலாம்; முதல் அணி மதிப்பீட்டாளர்களிடையே உள்ள ஒப்புமையை மட்டும் நிறுவித் தரவை ஒப்படைத்தாலே அது தகுதியான ஆய்வேடு. நெறியாளர்களே, அடுத்த தலைப்பை ஒதுக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.