கோடு பச்சையானால் போதுமா?
ஃப்ரீகேட் 1.0 – ஒரு மதிப்புரை

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்லும்போது தாமிரபரணியை எதன்மேல் கடக்கிறோம்? சுலோசன முதலியார் பாலம் என்று நெல்லைவாசிகள் உடனே சொல்லிவிடுவார்கள். 1843ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட இப்பாலத்தை லண்டன் வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டு வரைந்தவர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி என்ற பொறியாளர். நீளம் 760 அடி. 60 அடி அகலமுள்ள வளைவுக் கண்கள் பதினொன்று. அந்நாளில் அவர் கையிலிருந்தவை காகிதம், கவராயம், மூலைமட்டம் ஆகியவையே. அதே பாலத்தின் ஒரு கண்ணை இன்று கணிப்பொறியில் வரையப் புகுந்தால் என்ன நிகழும்? ஒரு மென்பொருளை எடைபோட இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தோன்றவில்லை.

எடுத்துக்கொண்ட மென்பொருள் ஃப்ரீகேட். ஜெர்மானியரான யூர்கன் ரீகல் இதன் முதல் பதிப்பை 2002இல் வெளியிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில்தான் '1.0' என்ற எண்ணைச் சூடிக்கொள்ளும் துணிவு அதற்கு வந்தது! இது விலையின்றிக் கிடைப்பது. மூல நிரலும் திறந்தே இருப்பது. வணிக மென்பொருள்களின் ஆண்டுச் சந்தா சிறு பட்டறைக்குப் பெருஞ்சுமை. மாணவர்க்கென்று இலவசமாகத் தரப்படும் பதிப்புகளையோ படிப்பு முடிந்தபின் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே நம் பாலிடெக்னிக் மாணவர்கள் திருட்டுப் பிரதியை நாடாமல் தலைநிமிர்ந்து பயன்படுத்தக்கூடிய கருவி இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகளைக் கூறுவதும் அந்த அக்கறையினால்தான்.

இதன் வரைவுப் பகுதி எப்படி இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். இங்கே முதலில் கோடுகளை ஏனோதானோவென்று இழுத்துவிடலாம். பிறகு 'இது கிடைக்கோடு', 'இவ்விரு முனைகளும் ஒன்றுபட வேண்டும்', 'இதன் நீளம் 60 அடி' என்று ஒவ்வொரு கட்டுப்பாடாக விதிக்க வேண்டும். மென்பொருள் அவற்றைச் சமன்பாடுகளாக்கித் தீர்த்து, படத்தைத் தானே சீர்செய்து கொள்ளும். புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வு மாணவரான ஐவன் சதர்லாண்டு, ஒளிப்பேனாவினால் திரையில் வரைந்து, இதே வகைக் கட்டுப்பாடுகளை விதித்துக் காட்டிவிட்டார். அறை நிறைந்த கணிப்பொறி அதற்குத் தேவைப்பட்டது என்பதே வேறுபாடு.

பெளதிகம் படிக்கும் மாணவர்களுக்கு இதில் ஒரு பழைய நண்பர் காத்திருக்கிறார். அவர் பெயர் சுதந்திர இயக்கக்கூறு. ஒரு கோட்டுக்கு இரு முனைகள். முனைக்கு இரண்டு வீதம் நான்கு கூறுகள். ஒரு வட்டவில்லுக்கு மையத்தின் இடம் இரண்டு, ஆரம் ஒன்று, தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் இரண்டு, ஆக ஐந்து. பாலக் கண்ணுக்காக ஒரு நாணையும் ஒரு வில்லையும் வரைந்தால் மொத்தம் ஒன்பது. இருபுறமும் முனைகளை இணைத்தால் நான்கு கழியும். நாணைக் கிடையாக்க ஒன்று. இடமுனையை ஆதிப்புள்ளியில் நிறுத்த இரண்டு. அகலம் 60 அடி என்றதும் மற்றொன்று. மிச்சம் ஒன்றே ஒன்று. இத்தனை கட்டியும் வளைவு மேலும் கீழுமாக அசைந்துகொண்டேயிருக்கும். வளைவின் உயரத்தை நாம் இன்னும் சொல்லவில்லையல்லவா? 15 அடி என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த கணமே படம் முழுவதும் பச்சையாகிறது, ஆரம் 37.5 அடி என்று தெரிகிறது. நோட்டுப்புத்தகத்தில் சரிபார்க்கலாம்: 30இன் வர்க்கம் 900, 15இன் வர்க்கம் 225; கூட்டி 30ஆல் வகுத்தால் 37.5. எந்த அளவு விடுபட்டிருக்கிறது என்று வரைபவரை விரல் நீட்டிக் கேட்கும் இந்தக் குணத்திற்காகவே இம்மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். வரைபலகை ஒருநாளும் இவ்வாறு கேட்டதில்லை.

இனி 1.0 பதிப்பின் புதிய வசதிகளுக்கு வருவோம். முன்பு கிடைத்தூரத்துக்கு ஒரு கருவி, செங்குத்துத் தூரத்துக்கு ஒன்று, ஆரத்துக்கு, விட்டத்துக்கு, கோணத்துக்கு என்று தனித்தனிப் படக்குறிகளைத் தேடித் திரிய வேண்டியிருந்தது. இப்போது ஒரே அளவுக் கருவி. எதைத் தொட்டீர்களோ அதற்குரிய அளவைத் தானே ஊகித்துக் கேட்கிறது. வணிக மென்பொருள்களில் இது நெடுங்காலமாக இருந்து வருவதுதான் என்றாலும் வரவேற்போம். இன்னொன்று, கோடு இழுக்கும்போதே கூடவரும் அளவுப் பெட்டி. அதில் '60 அடி' என்பதை ஆங்கிலக் குறியீட்டில் தட்டினால் 18,288 மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொள்கிறது. பழைய கட்டடங்களை அளப்பவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

எல்லாவற்றிலும் மேலான திருத்தம் கண்ணுக்குத் தெரியாதது. தெருவின் நடுவே புதிதாக ஒரு வீடு எழும்பியதும் எல்லாக் கதவு எண்களும் மாறிப்போனால் தபால்காரர் என்ன செய்வார்? பழைய பதிப்புகளில் ஒரு துளையைச் சேர்த்தால் ஆறாம் முகம் எட்டாம் முகமாகிவிடும். அதன்மேல் வரைந்ததெல்லாம் தவறான முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொல்லை 1.0இல் பெருமளவு தணிந்துள்ளது. முழுதும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என் மனத்தில் முள்ளாய்க் குத்துவது வேறு. நாம் கேளாமலே விதிக்கப்படும் கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன். கோடு ஏறக்குறையக் கிடையாக இருந்தால் மென்பொருளே அதைக் கிடைக்கோடு என்று தீர்மானித்துவிடுகிறது. சுட்டியின் அருகே தோன்றும் சிறு குறியைக் கவனிப்பவர் எத்தனை பேர்? மாணவர் ஒருவர் பாலக் கண்ணைத் தொடர்கோட்டுக் கருவியால் வரைந்தார். இடத்தூணைச் செங்குத்தாக எழுப்பி, 'எம்' விசையை அழுத்தி அப்படியே வில்லாக வளைத்து, வலத்தூணில் இறக்கினார். தூண்களின் அடிகள் ஒரே மட்டம், உயரங்கள் சமம், அகலம் 60 அடி. படம் பச்சையாயிற்று. "முடிந்தது சார்!" என்றார். வளைவின் உயரத்தை அவர் சொல்லவேயில்லை!

எங்கிருந்து வந்தது அந்தக் கடைசி அளவு? 'எம்' விசையால் பிறந்த வில், தூணுக்குத் தொடுவில்லாகவே பிறந்தது. செங்குத்தான தூணைத் தொட்டு எழுந்து, அதே மட்டத்தில் 60 அடி தள்ளி இறங்கும் வில் அரைவட்டமாகத்தான் இருக்க முடியும். ஆகவே உயரம் 30 அடி. 15 அடி என்று நாம் விதித்தால் முரண்பாடு எழும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்கிறீர்களா? வளைவுப் பாலம் தன் அடியைப் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு நிற்பது. சீரான பாரத்துக்கான தோராயக் கணக்கில், ஓர் அடி நீளத்தின் பாரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அந்த உதைப்பு கிடைக்கும். உயரம் 15 அடியானால் அது ஓரடிப் பாரத்தைப் போல் 30 மடங்கு. 30 அடியானால் 15 மடங்குதான். அதாவது கரையோரத் தாங்குசுவர் ஏற்க வேண்டிய உதைப்பில் பாதி, ஒரு விசையழுத்தத்தில் மறைந்துபோயிற்று. பச்சை நிறத்தின் பொருள், சமன்பாடுகளுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது என்பதுதான். அந்தத் தீர்வு ஆற்றின் மீது நிற்கும் பாலத்தோடு ஒத்துப்போகிறதா என்பது திரைக்கு எப்படித் தெரியும்?

தொடர்கோட்டுக் கருவி பழையதுதான். எனினும் ஊகிக்கும் அளவுக் கருவியும் கூடவரும் பெட்டிகளும் சேர்ந்தபின், தான் எவற்றை விதித்தோம் என்ற பட்டியலைப் பார்க்காமலே வேலையை முடித்துவிடலாம். அந்தப் பட்டியலில் என்னதான் இருக்கிறது? இணை, செங்குத்து, தொடுகோடு, சமச்சீர், ஒன்றுபடுதல். தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வடிவியல் படித்த எவருக்கும் பழகிய சொற்கள்! ஆங்கிலத் திரையைக் கண்டு அஞ்சும் நம் மாணவருக்கு உண்மையில் பாதிப் பாடம் முன்பே தெரியும். படக்குறிகளுக்குள் அதை ஒளித்துவைத்து, தெரியாதவராக அவரை உட்கார வைப்பதுதான் வருத்தத்திற்குரியது.

வேறொரு சோதனையும் செய்து பார்த்தேன். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களை அறியாதவர் யார்? கடைசல் பட்டறையில் உருளும் கட்டையில் உளி சாயும் சாய்ப்பிலேயே குடத்தின் தோள் வளைந்து வரும். அந்தப் பாதி வடிவை வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றினால் குடம் தயார். சுழற்றுவது எளிது. வரைவதுதான் பாடு. கைவளைவுக்கு ஏற்ற பி-ஸ்ப்ளைன் கோட்டில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளியும் இருவழிகளில் நகரும். எட்டுப் புள்ளிகளுக்கு எண்ணிக் கட்டுப்பாடு விதிப்பதற்குள் கடைசல்காரர் ஒரு செட்டே முடித்துவிடுவார். இங்கே பச்சை நிறத்தைத் துரத்துவது வீண். நேர்கோடும் வட்டவில்லும் கொண்ட உறுப்புகளில்தான் இம்மென்பொருளின் வலிமை.

சில்லறைக் குறைகளும் உண்டு. முதல்முறை திறக்கும்போது மொழி, அலகு, சுட்டி இயக்கும் முறை ஆகியவற்றைக் கேட்டுக்கொள்வது நன்று. ஆனால் 'பார்ட்' என்று ஒரு பணிமேடையும் 'பார்ட் டிசைன்' என்று வேறொன்றும் ஏன் இருக்கின்றன என்று புதியவர் விழிப்பது இன்னும் தொடர்கிறது. கணிப்பொறி வாய்க்காமல் கைப்பேசி மட்டுமே உள்ள மாணவர்க்கு இது எட்டாக்கனி என்பதையும் மறைப்பதற்கில்லை.

நிறுவிக்கொள்பவர்கள் முதல் மாதம் தானியங்கிக் கட்டுப்பாடுகளை நிறுத்திவைத்து, பட்டியலைத் திரையின் ஓரத்தில் திறந்தே வைத்திருங்கள். பாலக் கண்ணையே முதல் பயிற்சியாகக் கொள்ளலாம். உயரத்தை 15இலிருந்து 20 அடியாக்கிப் பாருங்கள்; ஆரம் 32.5 அடியாகக் குறைய வேண்டும். பிறகு பதினொரு கண்களையும் சமம் என்று விதித்து, மொத்த நீளம் 760 அடி என்று கொடுங்கள். கரையோரச் சுவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இடையிலுள்ள பத்துத் தூண்களுக்கும் எத்தனை அடி வீதம் மிஞ்சுகிறது என்பதை மென்பொருள் சொல்லுமுன் நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.