எலிசபெத்து அரசியாரின் மணக்கொள்கையும் அரசுரிமையும்

ஆங்கில நாட்டை 1558 முதல் 1603 வரை ஆண்ட முதலாம் எலிசபெத்து அரசியார், மணமே வேண்டாவெனத் தொடக்கத்திலேயே உறுதி பூண்டவர் என்பது பலர் கொள்கை. நாட்டையே கணவனாகக் கொண்டதாகக் கூறி, முடிசூட்டு மோதிரத்தைச் சான்று காட்டினார் என்றும் உரைப்பர். இக்கொள்கை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1559-இல் நாடாளுமன்றத்தார் மணம்புரியுமாறு வேண்டியபோது அரசியார் தந்த விடையிலேயே மோதிரச் செய்தி உள்ளதாகக் கூறப்படுகின்றது. ஆயின் அச்செய்தியைத் தருவது, வில்லியம் காம்டன் இலத்தீனில் எழுதி 1615-இல் வெளியிட்ட வரலாற்று நூல். அரசியார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் தோன்றியது. உரையின் பழைய கையெழுத்துப் படியில் மோதிரமும் இல்லை. நாடாகிய கணவனும் இல்லை. மணமாகா வாழ்வே தமக்கு உவப்பு என்னும் அரசியார், இறைவன் தம் உள்ளத்தை வேறு வழியில் திருப்பினும் நாட்டிற்குக் கேடாவதொன்றைச் செய்யேன் என்றும் அதன்கண் உறுதி கூறுகின்றார். கன்னியாகவே ஆண்டு மறைந்தாள் எனக் கல் சாற்றின் அதுவே அமையும் என்பது மனநிறைவைப் புலப்படுத்துமேயன்றிச் சூளுரை ஆகாது.

1566-இல் நாடாளுமன்றத்தார் மீண்டும் வற்புறுத்தியபோது, தக்க காலத்தில் மணப்பேன் என்றே அரசியார் மொழிந்தார். அடுத்து ஆள்பவர் பெயரைச் சுட்டவோ உறுதியாக மறுத்தார். காரணம் அவர்தம் வாழ்விலேயே உளது. தமக்கை மேரி ஆண்டபோது அடுத்த உரிமையாளராய் இருந்தவர் அவர். மேரிக்கு எதிராகக் கலகம் எழ, ஐயத்திற்கு ஆளாகி 1554-இல் இலண்டன் கோபுரத்தில் சிறையிருந்தவர். மறையும் ஞாயிற்றினும் எழும் ஞாயிற்றையே பலர் தொழுவர் என்னும் கருத்துப்பட 1561-இல் அவர் பேசியதாக ஸ்காத்துலாந்துத் தூதர் மெயிற்லண்டு எழுதிவைத்தார். இது பிறர் வழிவந்த செய்தியே எனினும், 1566-ஆம் ஆண்டு உரையோடு ஒத்தலின் கொள்ளத்தக்கது.

இறுதிவரை அவர் மணக்கவில்லையே எனின், 1579 முதல் 1581 வரை பிரஞ்சு இளவரசர் ஆஞ்சுக் கோமகனோடு மணப்பேச்சு நிகழ்ந்ததை எண்ணுக. முடிவை அறிந்த நாம், அம்முடிவைத் தொடக்கத்துச் சொல்லின்மேல் ஏற்றுதல் முறையன்று.

எனவே, மணத்திற்கு வாயில் திறந்து வைத்தும் வழியுரிமைக்கு வாயில் அடைத்தும் நின்றதே அரசியாரின் நிலை எனத் துணியலாம். காம்டன் தீட்டிய ஓவியம் அழகியது. ஆயினும் மூலபாடத்தைத் தெளியாமுன் அழகிற்கு வயப்படுதல் ஆராய்ச்சியாளர்க்குத் தகாது.