தோற்கும் குழுவின் பின்னே: டிம் பார்க்சின் வெரோனாப் பயணங்கள்

பயண இலக்கியம் என்றதும் தமிழ் மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஏ. கே. செட்டியாரின் பெயர். அவர் வகுத்த நெறியில் பயணி என்பவன் காண வேண்டியவற்றைக் காணச் செல்பவன். கோயிலும் கோபுரமும், ஆறும் அருவியும், அந்நாட்டு மக்களின் உணவும் உடையும் அவன் ஏட்டில் இடம்பெறும். அந்நெறியை முற்றிலும் தலைகீழாக்கிய பயண நூல் ஒன்று 2002இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. டிம் பார்க்ஸ் எழுதிய 'எ சீசன் வித் வெரோனா' என்பது அதன் பெயர். இதில் வரும் பயணி இத்தாலியின் வடகோடி முதல் தென்கோடி வரை செல்கிறான். புகழ்பெற்ற நகரங்கள் பலவற்றை அடைகிறான். ஆனால் அவற்றில் அவன் பெரும்பாலும் காண்பன காவலர் வரிசையும், விளையாட்டரங்கின் கம்பி வேலியும், தன் காற்பந்துக் குழு படும் பாடுமே. அதற்காக அவன் வருந்துவதும் இல்லை. மீண்டும் அடுத்த வாரம் புறப்படுகிறான்.

பார்க்ஸ் 1954இல் மான்செஸ்டரில் பிறந்த ஆங்கிலேயர். கிறித்துவச் சமயகுரு ஒருவரின் மகன். 1981 முதல் வெரோனாவில் வாழத் தொடங்கியவர். நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பல்கலைக்கழக ஆசிரியர். வெரோனா எனின் உலகோர்க்கு ரோமியோ ஜூலியட் கதை நிகழ்ந்த ஊர். பார்க்சுக்கோ அது 'எல்லாஸ் வெரோனா' என்னும் குழுவின் ஊர். அக்குழுவின் பெயரிலேயே ஓர் ஆசிரியரின் கைவண்ணம் இருப்பது தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தி. 1903இல் பள்ளி மாணவர் சிலர் குழு அமைத்தபோது, அவர்களுக்குச் செம்மொழி பயிற்றிய ஆசிரியர் கிரேக்க நாட்டைக் குறிக்கும் 'எல்லாஸ்' என்னும் சொல்லைச் சூட்டுமாறு கூறினாராம். மஞ்சளும் நீலமும் அதன் நிறங்கள். 1985இல் இத்தாலியின் முதல்நிலைப் போட்டியில் வாகை சூடியது. மிலான், தூரின் முதலிய பெருநகரக் குழுக்களின் செல்வ வளத்தை மீறிப் பெற்ற அவ்வெற்றி அதன் பின்னர் மீளவேயில்லை. பார்க்ஸ் தேர்ந்துகொண்ட 2000-2001ஆம் பருவத்தில் அக்குழு கீழ்நிலைக்குத் தள்ளப்படாதிருக்கவே போராடிக்கொண்டிருந்தது. பதினெட்டுக் குழுக்கள், முப்பத்து நான்கு ஆட்டங்கள். அவற்றுள் பாதி வெளியூரில். அத்தனை ஆட்டங்களுக்கும் செல்வது என்பதே நூலாசிரியர் பூண்ட நோன்பு.

நூலின் முதற்பகுதி பாரி நகருக்குச் செல்லும் பேருந்துப் பயணம். திறனாய்வாளர் எவரும் நின்று நோக்க வேண்டிய பகுதி இது. வெரோனா வடக்கில், பாரி தெற்கே கடற்கரையில். இடைத்தொலைவு எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இரசிகர் கூடும் சான்சிபார் என்னும் மதுக்கடையிலிருந்து இரவில் பேருந்து கிளம்புகிறது. உள்ளே இருப்போர் பெரும்பாலும் இளைஞர். தம்மைப் 'புத்தேய்' எனத் தம் வட்டார வழக்கில் அழைத்துக்கொள்வோர். 'பையன்கள்' என்பது அதன் பொருள். அவர்களிடையே நாற்பத்தைந்து வயதுப் பேராசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இரவு முழுதும் பாட்டு, குடி, புகை, இறை நிந்தனை. கத்தோலிக்க நாட்டில் இறைவனைப் பழிக்கும் சொற்கள் மூச்சுக்கு மூச்சு வெளிப்படுவதைச் சமயகுருவின் மகன் செவிமடுத்துக் குறித்துக்கொள்கிறார். அவர் முகம் சுளிக்கவில்லை. அச்சொற்களின் ஓசையையும் அடுக்கையும் ஒரு மொழியாசிரியரின் காதால் கேட்கிறார். பாரியில் நடக்கும் ஆட்டத்தைக் காட்டிலும் அதனை நோக்கிச் செல்லும் இரவே நூலில் உயிர்பெற்று நிற்கிறது.

இங்கு ஓர் ஒப்பீடு பயன் தரும். பார்க்ஸ் 1997இல் வெளியிட்ட 'யூரோப்பா' என்னும் நாவலும் ஒரு பேருந்துப் பயணமே. மிலானிலிருந்து ஸ்திராஸ்பூர்க்குக்குச் செல்லும் மொழியாசிரியரும் மாணவரும் அதில் உள்ளனர். அந்நாவலில் கதைசொல்லி பேருந்துக்குள் இருந்துகொண்டே எல்லோரையும் வெறுக்கிறான்; தன்னையும் வெறுக்கிறான். தப்ப வழியற்ற அறை போன்றது அப்பேருந்து. பாரிப் பேருந்தோ அவ்வாறன்று. எழுத்தாளன் கூட்டத்தில் கரைய விரும்புகிறான். கரையவும் முடியாமல் விலகவும் முடியாமல் தத்தளிக்கிறான். ஒரே உத்தி, இரு வேறு உள்ளங்கள். கற்பனைப் படைப்பைவிட உண்மைப் பயண நூலில்தான் இவ்வாசிரியர் மனிதரோடு கூடுதலாக நெருங்கியுள்ளார் எனக் கூறுவதில் தவறில்லை.

நூலின் துணைத் தலைப்பு, இத்தாலி முழுதும் திரிந்து 'இல்யூஷன்' என்பதையும், தேசிய இயல்பையும், கோல்களையும் தேடியதாகக் கூறுகிறது. இம்முதற் சொல்லைத் தமிழில் 'மாயை' என்று பெயர்த்தால் சைவ சித்தாந்தம் குறுக்கே வந்து நிற்கும். 'பொய்ந்நம்பிக்கை' என்றால் இகழ்ச்சி தொனிக்கும். இரசிகனுக்குத் தன் குழு தோற்கும் என்பது தெரியும். தெரிந்தும் பயணச்சீட்டு வாங்குகிறான். எனவே இது அறியாமை அன்று. அறிந்தே மயங்கும் மயக்கம். 'விரும்பி ஏற்ற மயக்கம்' என நீட்டிச் சொன்னால் ஒருவாறு பொருந்தலாம். தோல்விக்குப் பின் வெளியூர் இரசிகரை உடனே வெளியே விடுவதில்லை. உள்ளூரார் கலையும் வரை அரங்கிலேயே அடைத்து வைப்பர். அக்காத்திருப்பின் போதும் அவர்கள் அடுத்த வார ஆட்டத்தைப் பற்றியே பேசுகின்றனர். துணைத் தலைப்பின் அச்சொல்லுக்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.

நூலின் வலுவும் நலிவும் ஒருங்கே வெளிப்படும் இடம் வசை. வசையைக் கலையாகக் கொள்ளுதல் தமிழுக்குப் புதிதன்று. வசைபாடக் காளமேகம் என்று ஒரு புலவரைச் சிறப்பித்த மொழி இது. காற்பந்து அரங்கிலும் அத்தகைய போட்டி உண்டு. 1980களில் வெரோனா இரசிகர், தெற்கத்திய நேப்பிள்ஸ் நகரத்தாரை நோக்கி, விசூவியஸ் எரிமலையே அவர்களைத் தீயால் கழுவட்டும் எனும் பொருள்பட முழங்கினர். நேப்பிள்ஸ் இரசிகரோ ஒரு துணிப்பதாகை ஏந்தி, ஜூலியட்டின் ஒழுக்கத்தைப் பழித்து ஒரே வரியில் விடையிறுத்தனர். ஷேக்ஸ்பியரின் கதைத்தலைவியைக் கொண்டே அவ்வூரின் செருக்கை அடக்கிய நயம் இன்றும் பேசப்படுகிறது. இத்தகைய வசையில் பார்க்ஸ் திளைக்கிறார். இது சடங்கு, இது நாடகம், அரங்கின் வாயிலைக் கடந்ததும் உதிர்ந்துவிடும் முகமூடி என்னும் கருத்து நூல் நெடுக ஊடாடுகிறது.

ஆயினும் எல்லா வசையும் நாடகமாகிவிடுமா? எதிரணியின் கறுப்பின வீரர் பந்தைத் தொடும்போதெல்லாம் வெரோனா இரசிகருள் ஒரு சாரார் குரங்கொலி எழுப்புவர். 1996இல், கறுப்பின வீரர் ஒருவரைக் குழு விலைக்கு வாங்கக்கூடும் என்ற செய்தி பரவியபோது, இரசிகர் சிலர் கறுப்புப் பொம்மையொன்றைத் தூக்குக்கயிற்றில் தொங்கவிட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டினர். பார்க்ஸ் இந்த இழிவை மறைக்கவில்லை. அது நூலின் தலையாய சிக்கல்களுள் ஒன்றாகவே இடம்பெறுகிறது. எனினும் அவர் அதனை எடைபோடும் கோல் ஐயத்துக்குரியது. நாகரிக மாந்தரை அதிரவைக்க வேண்டும் என்னும் விடலைத்தனமே இதில் மிகுதி என்றும், வெளியிலிருந்து கண்டிப்போரின் கண்டனத்திலும் போலித்தனம் உண்டென்றும் அவர் காட்ட முயல்கிறார். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஜூலியட்டைப் பழித்த பதாகைக்கு வெரோனா இரசிகன் மறு பதாகை எழுதலாம். வசைக்கு வசை பிறக்கும். குரங்கொலிக்கு எந்த மறுமொழியும் இல்லை. அது சொல்லே அன்று; எதிரே நிற்பவன் சொல்லுக்குரியவன் அல்லன் என்று அறிவிக்கும் ஒலி. காளமேகத்தின் எதிரியும் ஒரு புலவனே என்பதை மறத்தலாகாது.

நூலின் பார்வை எப்போதும் கூச்சலிடுவோர் நிற்கும் படிக்கட்டிலிருந்தே திடலை நோக்குகிறது. அவ்வொலி சென்று படும் செவியின் பக்கத்திலிருந்து அரங்கு எவ்வாறு தோன்றும் என்பதை அது போதிய அளவு ஆராயவில்லை. இலண்டனிலோ மிலானிலோ அமர்ந்து படிக்கும் வெள்ளையர்க்கு இக்குறை சிறிதாகத் தோன்றலாம். தோட்டத்து ஆலமரத்தடியிலும் பட்டணத்துத் திடலிலும் தம் நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை விளையாட்டாகவே கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்க்கு அது சிறிதன்று. சொன்னவன் பகையின்றிச் சொன்னான் என்பது கேட்டவனுக்கு மருந்தாவதில்லை.

இக்குறையைச் சுட்டுவதால் நூலைத் தள்ளிவிட வேண்டும் என்பது பொருளன்று. உண்மையில், கூட்டத்தைக் கண்டித்துவிட்டுத் தன்னைத் தூயவனாகக் காட்டிக்கொள்ளும் எழுத்தாளன் இதைவிட எளிய நூலொன்றை எழுதியிருப்பான். அதனை ஒருவரும் இரண்டாம் முறை படித்திரார். பார்க்ஸ் அவ்வெளிய வழியை நாடவில்லை. தான் நேசிக்கும் கூட்டம் தான் வெறுக்கும் செயலைச் செய்யும்போது இருக்கையை விட்டு எழுவதா, அமர்ந்திருப்பதா என்னும் கேள்வியில் அவர் சிக்கிக்கொள்கிறார். பெரும்பாலும் அமர்ந்தே இருக்கிறார். இந்த அமர்வே நூலின் மெய்ம்மை. இதுவே அதன் குற்றமும்கூட. மாணவர் இவ்விடத்தை வகுப்பில் விவாதித்தால் விடை எளிதில் கிட்டாது.

ஆட்டக்காரரைப் பற்றிய பகுதிகள் ஒப்புநோக்கச் சப்பென்று உள்ளன. அப்பருவத்து வெரோனாவில் ஜிலார்தினோ, கமோரனேசி, ஒத்தோ ஆகியோர் ஆடினர். மூவரும் 2006இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலியக் குழுவில் இடம்பெற்றவர். இத்தகைய திறனாளர் இருந்தும் குழு ஏன் தடுமாறியது என்னும் வினாவுக்கு நூலில் நிறைவான விடை இல்லை. பயிற்றுநர் பெரோத்தியின் திட்டங்களைவிடப் பேருந்தின் பின்னிருக்கைப் பேச்சே ஆசிரியர்க்கு விருப்பமாய் இருந்திருக்கிறது. காற்பந்தின் நுட்பம் நாடுவோர் வேறு நூலைத் தேடுதல் நன்று.

இறுதிப் பகுதியை எந்த நாவலாசிரியனும் துணிந்து புனைந்திருக்க மாட்டான். 2001 சூனில் வெரோனாவும் ரெஜ்ஜினாவும் சமப் புள்ளிகளுடன் நின்றமையால், யார் கீழே செல்வது என்பதை முடிவு செய்ய இரண்டு ஆட்டங்கள் வைக்கப்பட்டன. வெரோனாவில் நடந்ததில் வெரோனா 1-0 என வென்றது. இரண்டாவது ஆட்டம் இத்தாலியின் தென்முனையில், ரெஜ்ஜோ கலாப்ரியாவில். வெரோனாவிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிலோமீட்டர். அங்கு ரெஜ்ஜினா இரண்டு கோல்களைப் போட்டு மேலோங்கிவிட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கொசாத்தோ வெரோனாவுக்கு ஒரு கோல் போட்டார். முடிவு 2-1, வெரோனாவுக்குத் தோல்வி. ஆனால் கூட்டுக்கணக்கு 2-2 ஆனமையால், வெளியூரில் போட்ட கோலுக்கு முதன்மை தரும் விதிப்படி வெரோனா தப்பியது. ஓராண்டுக் காலம் தோல்விகளின் பின்னே அலைந்தவர்களுக்கு வீடுபேறும் ஒரு தோல்வியின் வடிவிலேயே வந்து சேர்ந்தது.

நூல் அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. அடுத்த பருவத்தின் கடைசி நாளில், 2002 மே மாதம், பியாசென்சாவில் 3-0 எனத் தோற்று வெரோனா கீழ்நிலைக்கு இறங்கியது. அதுவும் வெளியூர் ஆட்டமே.