நாயனமும் அதைக் கடைந்த கையும்

கலைஞன் ஒருவனைப் புகழ வேண்டுமாயின், 'தெய்வ அருள் பெற்றவன்' என்று கூறிக் கைகூப்பிவிடுவது நம்மவர் வழக்கம். நாதசுர மேதை திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையைப் (1898–1956) பற்றிய புகழுரைகள் பலவும் இவ்வகையினவே. அவர் வாசித்த தோடியை அவை வியக்கின்றன. அத்தோடி எதனால் கைகூடிற்று என்று கேட்பதில்லை.

முன்னாளில் வழங்கியது திமிரி நாயனம். குட்டையான குழல், உச்சமான சுருதி. தேருக்கு முன்னே நடந்துகொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி ஊத அது ஏற்றது. ஆனால், ஓர் இராகத்தை வாய்ப்பாட்டைப் போலக் குழைத்து நெடுநேரம் விரிப்பதற்கு அது இடங்கொடுக்கவில்லை. சுத்த மத்திமமும் அதில் செம்மையாகப் பேசவில்லை. வாய்ப்பாட்டும் பயின்றிருந்த பிள்ளையவர்கள் இக்குறையைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டாரில்லை. அண்டை ஊராகிய நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரியை நாடினார். ஒருவர் வாசித்துக் குறை காட்ட, மற்றவர் ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிட்டுத் திருத்த, நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாயனம் உருவாயிற்று.

இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று வாசிக்க வேண்டியிருந்த நாயனக்காரர், மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பைப் பிள்ளையவர்கள் வற்புறுத்திப் பெற்றார். அது பெருஞ்செயல். எனினும், மேடைக்குரிய மதிப்பைக் கேட்டவர் அவர். மேடைக்குரிய ஒலியை ஆக்கித் தந்தவர் ஆசாரி. ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைத்திராது. வாசித்தவருக்கு 'நாதசுரச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் கிடைத்தது; கடைந்தவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மேனாட்டார் ஆர்கன் என்னும் பெருங்கருவியை வாசிப்பவரோடு அதைக் கட்டியவரையும் போற்றுகின்றனர். கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் இசை மண்டபத்தின் ஆர்கன், செருமானியக் கிளைஸ் நிறுவனத்தார் செய்தது என்பது பெருமையோடு பேசப்படுகிறது. நம்மிடமோ, வாசிப்பவனின் சாதியைக் கேட்பவர்கூடக் கருவியைச் செய்தவனின் பெயரைக் கேட்பதில்லை. கைத்தொழிலை இழிவென்று எண்ணிய பழைய நோயின் எச்சமன்றோ இது?

நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழத்தக்கதே. ஆனால், முத்திரை மட்டும் கலையைக் காவாது. செலாயாங் நகராட்சி எல்லையிலுள்ள பத்துமலையில் தைப்பூசந்தோறும் நாயனம் கேட்டு உருகும் நாம், நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க முன்வர வேண்டும். கற்பிக்கும்போது விரலடைப்பைக் காட்டுவதோடு நில்லாமல், மரம் எது, சீவாளி எவ்வாறு அமைகிறது, மெழுகிட்டுச் சுருதி திருத்துவது எவ்வாறு என்பவற்றையும் சொல்லித் தருக. தன் கருவியை அறியாத வித்துவான் அரை வித்துவானே.